என் பேத்திக்குத் தீத்திய ஓரோமோக்காரி

அந்த மனுசியை நான் காண்பதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே அவளில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஆளைத் தெரியாது, முகம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் என் பேத்தி அவளுடைய கடையில் சாப்பிட்டுவிட்டு, விரல்களை மூக்கடியில் வைத்து மணந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் வருவாள். என் சமையலைச் சாப்பிட்டு அவள் ஒரு நாளும் கையை மணந்ததில்லை. மணக்க வழியும் இல்லை. என் வீட்டில் அவள் முள்ளுக்கரண்டியால்தான் சாப்பிடுவாள்.

இது 2011 குளிர்காலத்தில் நடந்தது. மெல்பேர்னில், சன்ஷைன் பக்கத்தில், மகள் வீட்டில் இருந்தேன். மகளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பகலெல்லாம் வேறு கிழவிகளைக் குளிப்பாட்டி, அவர்களுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டு, பின்னேரம் இந்தக் கிழவியிடம் வந்து ஏச்சு வாங்குவாள். மருமகனுக்கு இரவு வேலை என்பதால் அவர் வீட்டில் இருந்தாலும் பகலெல்லாம் மூடிக்கிடக்கிற ஒரு போர்வை மாதிரித்தான். பேத்திக்கு அப்போது பதினொரு வயது.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி நாள். மச்சம் மாமிசம் கிடையாது. அன்றைக்குத்தான் பேத்திக்கு ஃபுட்ஸ்கிரேயில் நீச்சல் வகுப்பு. வகுப்பு முடிய ஆறு மணியாகும், பிள்ளை பசியில் அழும், வீட்டுக்கு வந்து நான் சமைத்ததைச் சாப்பிடும் மட்டும் பொறுக்காது. அந்தத் தெருவில் ஓர் எதியோப்பியன் சாப்பாட்டுக் கடை. அங்கே பருப்பு, முட்டைக்கோவா, கீரை, பீற்றூட் என்று முழுக்க மரக்கறியிலேயே ஒரு தட்டு இருக்கிறதாம். அப்படித்தான் தொடங்கியது.

ஏன் நான் போகவில்லை என்று கேட்பீர்கள். முதல் நாள் மகள் கூப்பிட்டபோது, "கடைச் சாப்பாடு எனக்கு ஒத்துவராது, நீங்கள் போங்கோ" என்றேன். திருப்பி ஒரு தரம் கேட்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்படியா ஒரு பிள்ளையை வளர்ப்பது.

எனக்கு ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு வருவார்கள். திறந்தால், சாம்பல் நிறத்தில், மடித்து வைத்த குளியல் துவாய் மாதிரி ஒன்று. அதற்குள் கறிகள்.

"என்ன இது, தோசையைத் திருப்பிப் போட மறந்திட்டாளே?" என்றேன்.

"அது ஒரு பக்கம்தான் சுடுறது அம்மா. அப்பம் மாதிரி."

"அப்பத்துக்கு ஒரு வடிவிருக்கு. இது மாப் புளிச்சு, அதிலை சுட்ட ஆளும் புளிச்ச மாதிரிக் கிடக்கு."

அவர்கள் உடுப்பு மாற்ற உள்ளே போனதும் முழுவதையும் தின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால் நல்லாய்த்தான் இருந்தது. அந்தப் பருப்பில் ஏதோ ஒரு தூள், நாக்கில் பட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும். அதுவே எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மாப் புளிக்க வைக்க இந்த ஊர்க் குளிரில் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். மருமகனின் பழைய சுவெற்றரால் சட்டியைச் சுற்றி, ஹீற்றர் காற்று வருகிற ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளை மாதிரிக் காவல் இருப்பேன். அப்படியும் பாதி நாள் கல்லுப்போலக் கிடக்கும். அவளுடையதில் மாப் பொங்கி வந்த ஆயிரம் கண். ஒவ்வொரு கண்ணும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

பேத்தி வந்து வெறும் பெட்டியைப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"பூனைக்குப் போட்டிட்டன்."

"எங்களிட்டைப் பூனை இல்லையே அம்மம்மா."

"பக்கத்து வீட்டுப் பூனை."

"அவை நாய்தானே வளர்க்கினம்."

பிள்ளையைக் கெட்டிக்காரியாக வளர்த்தது என் பிழை.

இந்த எரிச்சலெல்லாம் சும்மா விளையாட்டு எரிச்சல். உண்மையானது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதைச் சொல்வதற்கு முன் குழையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மத்தியானச் சோறும் மிஞ்சிய கறிகளும் சட்டிக்குள் இருக்க, அதற்குள்ளேயே எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் குழைத்து உருண்டை பிடித்துக் கொடுப்பதைத்தான் நாங்கள் குழையல் என்போம். சின்னப் பிள்ளை என்றால் வாயில் வைப்போம். வளர்ந்த ஆட்கள் கையை நீட்டி உள்ளங்கையில் வாங்குவார்கள். பேத்திக்கு ஒன்றரை வயதிலிருந்து என் கைதான் கரண்டி. மகள் வேலைக்குப் போனதும் குசினித் தரையில் இரண்டு பேரும் இருந்து, சட்டியை நடுவில் வைத்து, நான் வாயில் தீத்த அவள் தின்ன, அடிச்சட்டி தெரியுமட்டும் எழும்ப மாட்டோம்.

மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கை கழுவுவது பற்றி ஏதோ படிப்பித்தார்கள். அன்றைக்கு உருண்டையோடு போன என் கையைப் பார்த்து, "ஜேர்ம்ஸ் அம்மம்மா" என்றாள். முள்ளுக்கரண்டியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். நான் சிரித்துவிட்டு அந்த உருண்டையை என் வாயில் போட்டேன். அதற்குப் பிறகு மூன்று வருடமாக என் உருண்டைகளை நானேதான் தின்கிறேன். உடம்பு பெருத்ததற்கு அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பேத்தி கதிரையில் ஏறி இருந்து, காலை ஆட்டிக்கொண்டு சொன்னாள்: "கடை அன்ரி இண்டைக்கும் எனக்கு வாயிலை வச்சுவிட்டவா."

"என்னத்தை?"

"சாப்பாட்டை. கையாலை. ஒவ்வொரு கிழமையும் வச்சுவிடுறவா."

நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"அவவின்ரை கையிலை ஜேர்ம்ஸ் இல்லையோ?"

அவள் தோளை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ரீவி பார்க்கப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மகள் கூப்பிடாமலே காருக்குள் ஏறி இருந்தேன். நல்ல நீலச் சேலை, அதற்கு மேல் மருமகனின் ஜக்கெற், காலில் இரண்டு சோடி சொக்ஸ்.

"முழங்கால் நோ எண்டீங்கள்?" என்றாள் மகள்.

"நோதான். நோவையும் கூட்டிக்கொண்டு வாறன்."

சின்னக் கடை. ஐந்தோ ஆறோ மேசை. உள்ளே போனதும் கோப்பி வறுக்கிற வாசம் வந்து கழுத்தைக் கட்டிப்பிடித்தது. கல்லாவில் மெலிந்த ஒரு மனிசன், புருஷன்காரன். அவள் குசினிக்குள்ளிருந்து வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் வெள்ளைத் துணி, அதற்குக் கீழே எட்டிப் பார்த்த மயிர் முழுக்கக் கறுப்பு. சாயம் என்று நினைத்துக் கிட்டப் பார்த்தேன். சாயமில்லை. என் பேத்தியைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தாள். இவள் ஓடிப்போய் அந்த வயிற்றில் முகத்தை வைத்தாள். எனக்குச் சேலை ஒருக்கால் இறுகினது போல இருந்தது.

"இவை எதியோப்பியன் ஆக்களோ?" என்று பேத்தியைக் கேட்டேன். பேச்சை மாற்றத்தான்.

"அங்கைதான். ஆனா இவை ஓரோமோ. அவேக்கு வேறை பாஷை."

"பிறகேன் போர்டிலை எதியோப்பியன் எண்டு எழுதிக் கிடக்கு?"

"ஓரோமோ எண்டு போட்டா ஒருத்தருக்கும் விளங்காதாம்."

"இந்தியனா?" என்று கேட்கிற வெள்ளைக்காரருக்கு நானே எத்தனை தரம், சரி போகட்டும் என்று தலையை ஆட்டியிருக்கிறேன். அந்த ஓர் இடத்தில் மட்டும் அவளில் பிழை பிடிக்க வழி கிடைக்கவில்லை.

தட்டு வந்தது. சைக்கிள் சில்லு அளவில் ஒரே ஒரு வட்டத் தட்டு. அது நிறைய அந்தக் கண் வைத்த அப்பம். மேலே குவியல் குவியலாகக் கறிகள்.

"ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பை எங்கை?" என்றேன்.

"இதுதான் கோப்பை அம்மா. எல்லாரும் இதிலைதான்."

மூன்று பேரும் ஒரே தட்டில் எச்சில் கையை வைப்பதா. நான் யாழ்ப்பாணத்துக்காரி, எல்லை போடாமல் எனக்கு ஒன்றும் இறங்காது. பருப்புக்கும் கோவாவுக்கும் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்து, "இது என்ரை பக்கம். ஒருத்தரும் வேலி பாயக் கூடாது" என்றேன். மகள் தலையில் கை வைத்தாள். பேத்தி வேண்டுமென்றே என் பக்கத்துப் பீற்றூட்டில் கை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரி வந்தாள். கை கழுவி வந்திருந்தாள், ஈரம் தெரிந்தது. ஒரு துண்டு பிய்த்து, பருப்பும் கீரையும் அள்ளிச் சுருட்டி, என் பேத்தியின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். என் வீட்டில் முள்ளுக்கரண்டி இல்லாமல் சாப்பிடாத பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு வாயை ஆவென்று திறந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. பழகின கை, பழகின வாய். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாய்க்குள் இருந்த பருப்பு கசந்தது.

அடுத்ததை மகளுக்கு வைத்தாள். பிறகு எல்லாவற்றிலும் பெரிதாக ஒன்று சுருட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

நான் கையை நீட்டினேன். உள்ளங்கையைக் குழித்து, குழையல் வாங்குகிற மாதிரி. அறுபது வருடமாய் அப்படித்தான் வாங்கிப் பழக்கம். கை தானாகப் போனது, அதில் சூது இல்லை.

"நோ, நோ," என்று சிரித்தாள். "மம்மி, மௌத்." தன் வாயைத் திறந்து காட்டினாள்.

இப்போது விளங்கிவிட்டது. ஆனாலும் நான் கையை மடக்கவில்லை. இந்த இடத்திலிருந்து சூதுதான். அவளுடைய கை என் வாய்க்கு முன்னால் நிற்கிறது, என் கை அவளுடைய வயிற்றுக்கு முன்னால் நிற்கிறது. பக்கத்து மேசை ஆட்கள் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "அம்மா, வாயைத் திறவுங்கோ," என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நான் காது கேட்காத கிழவி மாதிரி அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

கடைசியில் கடைக்காரிதான் இறங்கி வந்தாள். உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அதைத் தட்டின் ஓரத்தில், என் வேலிக்கு வெளியே வைத்துவிட்டேன். அவள் சிரிப்பை விடவில்லை. ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனவள், நாங்கள் புறப்படும் வரைக்கும் வெளியே வரவில்லை. கல்லாவில் நின்ற புருஷன்காரன் எங்களைப் பார்க்காமல் மிச்சக் காசை நீட்டினான்.

காருக்குள் பேத்தி வெடித்தாள்.

"தட் வாஸ் ஸோ மீன், அம்மம்மா. அவ தனக்குப் பிடிச்ச ஆக்களுக்குத்தான் அப்பிடிக் குடுப்பா. நீங்க அதைக் குப்பை மாதிரி வச்சிட்டு வந்தனீங்க."

"கையாலை தாறது ஜேர்ம்ஸ் எண்டு நீதானே சொன்னனி."

"தட்ஸ் டிஃபரன்ட்."

"என்ன டிஃபரன்ட்? அவவின்ரை கை வேறை, என்ரை கை வேறையோ?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் ரேடியோவைப் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீச்சல் முடிந்ததும் இரண்டு பேரும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "எனக்கு அங்கை போக வெக்கம்," என்றாளாம் பேத்தி. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வென்றது நான்தானே. சுடச்சுடத் தோசை சுட்டு வைத்தேன். அவள் ஒன்றைக் கத்தியால் கீறிச் சதுரம் சதுரமாக வெட்டித் தின்றாள். "வயித்துக்குக் காணுமோ?" "ம்." "சம்பல் போடட்டோ?" "ம்ம்." அவ்வளவுதான் பேச்சு. அந்தக் கடையும் இல்லை, நானும் இல்லை என்று ஆகிவிட்டது அவளுக்கு. இனி அந்தப் பிள்ளை யார் கையாலும் வாங்காது போலிருந்தது. அதைச் செய்தது அந்த ஓரோமோக்காரி இல்லை.

இரண்டு கிழமை இப்படிப் போனது. ஒரு புதன்கிழமை காலை, எல்லாரும் போன பிறகு, சமைத்தேன். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, செத்தல் மிளகாய் இடித்த சம்பல், பொரித்த மோர்மிளகாய். எல்லாவற்றையும் சட்டிக்குள் போட்டுக் குழைத்து, ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சில்வர்ச் சட்டிக்குள் அமத்தி மூடினேன். ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். மடியில் வைத்த சட்டி முழங்காலுக்கு நல்ல ஒத்தடமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று நினைக்க வேண்டாம். நான் அப்படிப்பட்ட ஆளில்லை. அவள் என் வாய்க்கு முன்னால் கை நீட்டினாள் அல்லவா, என் கை அவளுடைய வாய்க்கு முன்னால் போனால் அவள் என்ன செய்வாள் என்று பார்க்கப் போனேன். அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டால், பேத்தியிடம் வந்து சொல்ல எனக்கு ஒரு கதை கிடைக்கும்.

கடையில் ஆட்கள் இல்லை. புருஷன்காரன் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினான். பயந்துவிட்டான் பாவம்.

"வைஃப்," என்றேன்.

அவள் வந்தாள். முழங்கை வரை மா. பின்னால் குசினிக் கதவு திறந்து கிடந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நீல வாளி, வாளி நிறைய மா, மேலே நுரை பொங்கி நின்றது. சுவெற்றரும் இல்லை, காவலும் இல்லை. இவளுக்கென்று எல்லாம் பொங்குகிறது.

சட்டியை மேசையில் வைத்துத் திறந்தேன். அங்கேயே கை கழுவினேன், அவள் பார்க்கக் கழுவினேன். ஓர் உருண்டை பிடித்து, மோர்மிளகாய்த் துண்டொன்றை நடுவில் வைத்து, உயர்த்தினேன்.

"மௌத்," என்றேன்.

என்னைப் பார்த்தாள். உருண்டையைப் பார்த்தாள். மாக் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயைத் திறந்தாள். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவள் யோசித்திருக்கலாம். எனக்காக ஒருக்கால் முகத்தையாவது சுளித்திருக்கலாம்.

மென்றாள். மோர்மிளகாய் பிடித்தது. கண்ணால் தண்ணி கொட்டியது, மூக்கு ஒழுகியது. புருஷன் தண்ணிக் கிளாஸோடு ஓடி வந்தான். அவள் அதை முழங்கையால் ஒதுக்கிவிட்டுத் திரும்பவும் வாயைத் திறந்தாள்.

"வன் இஸ் நொட் குட்," என்றான் அவன், ஒரு விரலைக் காட்டித் தலையை ஆட்டி. ஒன்றோடு நிறுத்தக் கூடாதாம். மூன்று கொடுத்தேன். பிறகு அவனும் வாயைத் திறந்துகொண்டு நின்றான். கட்டின புருஷனுக்கே தீத்தாத ஆள் நான். "ஹாண்ட், ஹாண்ட்," என்று அவன் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சட்டி காலியாகும் மட்டும் மூன்று பேரும் நின்றுகொண்டே தின்றோம். பிறகு கோப்பி வார்த்தாள், சின்னச் சின்னக் கோப்பையில், ஒன்று முடிய மற்றது.

"கேர்ள் நோ கம்," என்றாள், உயரத்தைக் கையால் காட்டி. "வை?"

"ஷேம்," என்று என் நெஞ்சைத் தொட்டேன். "மீ. பாட் கிறான்மா."

விளங்கியது. என் தோளில் ஓர் அடி அடித்தாள், மா ஜக்கெற் முழுக்க ஒட்டியது. புருஷன்காரன் போனில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில் இரண்டு பேரன்மார், இரட்டை, இன்னும் கண்ணால் காணவில்லையாம். அவள் அந்தப் படத்தைத் தன் சட்டையால் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதற்காக என் பேத்தியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியுமா.

நான் வீடு வந்து சேர, பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்து குசினிக்குள் நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன சமைச்சீங்க? சம்பல் வாசம் வருது."

"குழையல்."

"ஆருக்கு?"

"உன்ரை கடை அன்ரிக்கு. கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன். நீ ஏன் வாறேல்லை எண்டு கேட்டவா."

கையில் இருந்த பையைக் கீழே விட்டாள். "தனிய போனீங்களா? அவ சாப்பிட்டவாவா?"

"தீத்திவிட்டனான். கையாலை. ஆவெண்டு திறந்தவா."

"எத்தினை?"

"மூண்டு. பிறகு நான் எண்ணேல்லை."

அவள் சட்டியை எடுத்து மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே கழுவாத ஓரத்தில் இரண்டு பருக்கையும் கொஞ்சக் கீரையும் ஒட்டியிருந்தன. விரலால் வழித்து நக்கினாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டதா?"

"ஓம்."

"மோர்மிளகாயும்?"

"அதில்லாமல் என்ன குழையல்."

"எனக்கு ஒண்டுமே வைக்கேல்லையா?"

"உனக்கேன் பிள்ளை. நீ முள்ளுக்கரண்டிக்காரி எல்லோ."

கீழ் உதடு வெளியே வந்தது, மூக்கு விடைத்தது. அந்த ஓரோமோக்காரி இவளைக் கட்டிப்பிடித்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று வருடத்தில் எனக்காக அந்த உதடு வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

"தட்ஸ் நொட் ஃபெயர்," என்றாள். "அவவுக்கு மூண்டு. எனக்கு ஸீரோ. சனிக்கிழமை எனக்கும் செய்து தாங்கோ. கையாலை."

"பாப்பம்," என்றேன், சட்டியை அவளிடமிருந்து வாங்கிக் கழுவப் போட்டபடி. உடனே ஓம் என்று சொல்ல எனக்கென்ன விசரா.